டீச்சர் ஒரு தடவை சொன்னது

நான் மறுமணத் தகவல் மையம் நடத்துகிறவள். மையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பாபநாசத்தில் பஸ் போகிற ரோட்டில் என் அண்ணியின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன ரூம். அதில் நாலு நாற்காலி, ஒரு ஃபேன், நான். அவ்வளவுதான் மையம். கணவனை இழந்தவர்கள், மனைவியை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள் வருவார்கள். நேராக வர மாட்டார்கள். சிட்டா அடங்கல் எடுக்க வந்தவர்களைப்போல முன்கடையில் நின்று, கூட்டம் கலைந்ததும் "உள்ள அக்கா இருக்காங்களா" என்று மெதுவாகக் கேட்பார்கள். எனக்கும் முதல் கல்யாணம் முறிந்ததுதான். இரண்டாவது பண்ணிக்கொள்ளவில்லை. "ஊருக்குத்தான் உபதேசம்" என்று அண்ணி என்னைக் கேலி செய்யாத வாரம் கிடையாது.

இந்தத் தொழிலில் வாயைக் கட்டத் தெரிய வேண்டும். என் வாயை நான் கட்டிவிடுவேன். கம்ப்யூட்டரின் வாயை யார் கட்டுவது? எனக்கும் அண்ணிக்கும் சேர்த்து ஒரே லேப்டாப். கடைக்காக வாங்கியது, அதனால் அட்மின் பாஸ்வேர்டு அண்ணியிடம்தான். அவர் கணக்கின் பெயரே 'கடை'. என்னுடையது பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டாவது கணக்கு. இது தவிர இரண்டு பேரும் பார்க்கக்கூடிய பொது இடம் ஒன்றும் அதில் உண்டு. ஸ்கேன் பண்ணியவை, என் அண்ணன் வயலில் எடுக்கிற போட்டோக்கள், எல்லாம் அங்கேதான் குவியும். என் ஆட்களின் விவரங்களுக்கும் அங்கே தவிர வேறெங்கும் இடம் போதவில்லை.

அதனால் என்க்ரிப்ட் பண்ணிய ஃபோல்டர் போடக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, தலைகீழாக நின்று தண்ணீர் குடித்து நானே படித்ததுதான். விஷயம் இதுதான். தகவல் எல்லாம் ஒரு மூலையில் யாருக்கும் புரியாத கிறுக்கலாகக் கிடக்கும். பக்கத்தில் காலியாக ஒரு ஃபோல்டர் இருக்கும். பாஸ்வேர்டு கொடுத்து 'மவுண்ட்' செய்தால், அந்தக் கிறுக்கல் காலி ஃபோல்டருக்குள் படிக்கிற மாதிரி வந்து நிற்கும். பூட்டினால் மறைந்துவிடும், ஃபோல்டர் மறுபடி காலியாகிவிடும். வருஷத்துக்கு ஒன்றாக இப்படி மூன்று வைத்திருந்தேன். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலையில் நாலாவதைப் போட்டேன். எதை ஆரம்பித்தாலும் எனக்குப் பிள்ளையார் சுழி போட்டாக வேண்டும். மளிகைச் சீட்டானாலும் சரி, பேங்க் ஃபாரமானாலும் சரி, மேலே ஒரு 'உ' போடாமல் கை ஓடாது. கம்ப்யூட்டரில் எங்கே போடுவது? எப்போதும் பூட்டைத் திறந்த பிறகு, 'உ' என்று பெயர் வைத்து ஒரு வெற்று ஃபைலை உள்ளே போடுவேன். அன்றைக்கு மணி பத்தே கால். பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும். முதலில் சுழியைப் போட்டுவிடுவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று காலி ஃபோல்டரைச் செய்த உடனேயே அதில் 'உ'வை வைத்துவிட்டேன். அப்புறம் சாவகாசமாகப் பாஸ்வேர்டு போட்டு, திறக்க ஒரு பட்டன், பூட்ட ஒரு பட்டன் என்று திரையில் செய்துகொண்டேன்.

திறக்கிற பட்டனை அழுத்தினேன். ஒரு கறுப்புப் பெட்டி வந்தது, நான் படிப்பதற்குள் மறைந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லையே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். இப்போதுதானே போட்டோம், ஞாபகம் வைத்திருக்கும்போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஃபோல்டரைப் பார்த்தேன், உள்ளே 'உ' இருந்தது. திறந்துவிட்டது என்று நம்பினேன்.

அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தார்.

டீச்சருக்கு முப்பத்தாறு வயது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். ஒன்பது வருஷம் ஒருவனோடு இருந்துவிட்டு வெளியே வந்தவர். ஒன்பது வருஷத்தில் என்ன நடந்தது என்று பெற்றவர்களிடம்கூடச் சொன்னதில்லை. நான் அவருக்குப் பார்த்திருந்தவர் திருவிடைமருதூர்க்காரர், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், மனைவி இறந்து நாலு வருஷம். கோயிலில் வைத்து என் முன்னால் ஒரு தடவை பார்த்துப் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் டீச்சர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லாம நான் கழுத்த நீட்ட மாட்டேன் அக்கா" என்றார். "ஆனா மூஞ்சிக்கு நேரா சொல்ல என்னால ஆவாது. ஒரு தடவைதான் என்னால அதை வாய்விட்டுச் சொல்ல முடியும். பதிவு பண்ணிக்குங்க. அவர் தனியா உக்காந்து கேக்கட்டும். கேட்டுட்டு வேணாம்னா போயிடட்டும். அவரைத் தவிர ஒரு ஈ காக்கா கேக்கக் கூடாது. நீங்களும்தான்."

போனில் பேசி அனுப்புவதற்கு டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் போனது ஊருக்கே போகும் என்றார், அதுவும் நியாயம்தான். ரெக்கார்டிங்கை ஓட விட்டுவிட்டு நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். முகம் கழுவியதைப்போல நனைந்திருந்தது. அவர் கண் முன்னாலேயே அந்த ஃபோல்டரில் சேமித்துவிட்டுப் பூட்டுகிற பட்டனை அழுத்தினேன்.

"பூட்டியாச்சு டீச்சர். இனி பிரம்மதேவனே வந்தாலும் பாஸ்வேர்டு இல்லாம கேக்க முடியாது" என்றேன். எவ்வளவு பெரிய பேச்சு!

சம்பா அறுவடை நேரம், அந்த வாரம் என்னைத் தேடி யாரும் வரவில்லை. நானும் ஃபோல்டரைத் திறக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் திருவிடைமருதூர்க்காரர் வந்து கேட்பது என்று பேச்சு. அன்று காலை அண்ணி டோனரும் பேப்பர் பண்டிலும் வாங்கக் கும்பகோணம் போயிருந்தார். கடையில் நான்தான். திறக்கிற பட்டனை அழுத்திவிட்டு, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துக்கொண்டு, பதிவு ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று தட்டினேன்.

பெர்மிஷன் டினைட். அனுமதி இல்லையாம்.

என் ஃபோல்டர், என் பாஸ்வேர்டு, எனக்கே அனுமதி இல்லையா? மறுபடி தட்டினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அதே பதில். ஃபைலின் மேல் ரைட் கிளிக் பண்ணி அனுமதியை மாற்றப் போனால், நீங்கள் இதன் உரிமையாளர் இல்லை, மாற்ற முடியாது என்று வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் 'கடை' என்று இருந்தது.

எனக்கு அப்போதும் புத்தி அங்கே போகவில்லை. ஒரே மெஷினில் இரண்டு கணக்கு இருந்தால், ஒவ்வொரு கணக்குக்கும் மெஷின் கொடுக்கிற எண் மாறி, ஒருத்தர் ஃபைல் இன்னொருத்தர் பெயரில் காட்டும் என்று எப்போதோ படித்திருந்தேன். சரி, மவுண்ட் பண்ணியதில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். என்னைப்போல மாட்டிக்கொண்டவர்கள் எழுதிவைத்த பக்கங்களாகத் தேடித் தேடிப் படித்தேன். மற்ற கணக்குகளுக்கும் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்க்கணும் என்றார் ஒருவர். அதைச் சேர்க்க வேண்டாம், ஆபத்து என்றார் இன்னொருவர். எது செய்வதானாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அண்ணிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டவுன் பஸ்ஸில் பைக்குள் கிடக்கிற போன் யார் காதில் விழும்? நடுவில் இரண்டு பேர் ஆதார் ஜெராக்ஸ் கேட்டு வந்தார்கள். ஒருவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்தார்.

டீச்சர் இன்னொரு தடவை சொல்ல மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பதிவு திறக்கவில்லை என்றால் இந்தச் சம்பந்தம் இல்லை, அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுத முக்கால் மணி நேரமும் வீண்.

போகட்டும், முதலிலிருந்து வருவோம் என்று பூட்டுகிற பட்டனை அழுத்தினேன். பூட்டினால் ஃபோல்டர் காலியாக வேண்டும். ஆகவில்லை. 'உ' அப்படியே இருந்தது, டீச்சரின் பதிவும் அப்படியே இருந்தது. மறுபடி பூட்டினேன். இரண்டும் அசையவில்லை. பட்டனை விட்டுவிட்டு, அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து கட்டளையை நானே கையால் தட்டிப் பார்த்தேன். கண் சிமிட்டுவதற்குள் மறைந்துபோன அந்தச் செய்தி இந்தத் தடவை நின்று பதில் சொன்னது. மவுண்ட் பண்ணுகிற இடம் காலியாக இல்லை, ஆகவே திறக்க மாட்டேன்.

காலியாக இல்லாமல் செய்தது என் பிள்ளையார் சுழி. அது உள்ளே இருந்ததால் பூட்டு அன்றைக்கும் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் திறக்கவில்லை. நான் டீச்சரின் குரலை வைத்தது பூட்டுக்குள் இல்லை, வெளியே, பொது இடத்தில். ஒரு வாரமாக அது யார் வேண்டுமானாலும் தட்டிக் கேட்கிற இடத்தில் கிடந்திருக்கிறது. அடிப்பாவி என்று என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன்.

அப்படியானால் அனுமதி ஏன் இல்லை? பூட்டே இல்லாத இடத்தில் பூட்டின் கோளாறு எப்படி வரும்? உரிமையாளர் 'கடை' என்று இருந்ததை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். எண்ணும் மாறவில்லை, ஒன்றும் மாறவில்லை. அண்ணியின் கணக்கிலிருந்து யாரோ வேண்டுமென்றே இதைத் தன் பெயருக்கு மாற்றி, மற்ற எல்லோருக்கும் அடைத்திருக்கிறார்கள். அதற்கான இரண்டு கட்டளை வரிகள் கடை மேஜைக்குப் பக்கத்தில் ஓர் அட்டையில் ஒட்டியிருந்தன. எழுதி ஒட்டியதே நான்தான். ஜனங்களின் ஆதார் ஸ்கேனை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்தது. முதல் வரி போட்டால் ஃபைல் அவர் பெயருக்கு வரும், இரண்டாவது போட்டால் அவரைத் தவிர யாரும் திறக்க முடியாது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு வந்தது அதற்கும் மேலே.

அண்ணி வந்து சேர பன்னிரண்டரை ஆகிவிட்டது. ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது, பஸ் ஊர்ந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே பேப்பர் பண்டிலை இறக்கினார்.

"அண்ணி, என் ஃபோல்டர்ல கைய வச்சீங்களா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "வச்சேன்."

"எப்போ?"

"சனிக்கிழமை. ஒருத்தரு ஸ்கேனக் காணோம்னு தேடினேன். இது அங்க கெடந்துச்சு. என்ன பாட்டுன்னு தட்டினேன். டீச்சர் பேசினாங்க."

"உடனே நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்தியிருக்கலாம்" என்றார். பண்டிலின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். "நிறுத்த முடியலம்மா. முழுசும் கேட்டேன்."

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அண்ணி மூக்கை நுழைக்கிறவர் இல்லை என்று எனக்கே தெரியும், இருந்தும் கத்தினேன். அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை.

"மெதுவா பேசு, வெளிய ஆள் நிக்குது. கேட்டு முடிச்சப்புறம்தான் எனக்கே பகீர்னுச்சு. எனக்குக் கேட்டா யாருக்கும் கேக்கும்ல? சாயங்காலம் உங்க அண்ணன் வந்து உன் கணக்குல போட்டோ ஏத்துவாரு, அவரும் தட்டுவாரு. உன் பூட்டெல்லாம் எனக்குத் தெரியாது. அட்டையில இருக்கிற ரெண்டு வரிதான் தெரியும். அதப் போட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ டீச்சர்ட்ட சொல்லுவே. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களப் பாக்கறது?"

கவனமில்லாமல் வெளியே போட்டது நான். தெரிந்த ஒரு வழியில் மூடி வைத்தது அவர். கோபம் எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே இறங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி லேப்டாப்பை இழுத்துத் தன் கணக்கில் நுழைந்து காட்டினார். ஃபைல் நல்லபடியாக இருந்தது.

"இப்ப உன் பெட்டிக்குள்ள வச்சு ஒழுங்கா பூட்டு. அவர் வரட்டும், கேக்கட்டும். நான் செத்தாலும் வாயத் தெறக்க மாட்டேன். யாருக்குத் தெரியப் போவுது?"

உண்மைதான். அண்ணி சொன்னால் சொன்னதுதான். நான் மட்டும் சும்மா இருந்தால் நாலு மணிக்கு எல்லாம் பேசினபடி நடந்துவிடும். பத்து நிமிஷம் அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தேன், மறைக்காமல் சொல்கிறேன். டீச்சர் எழுந்து போய்விடுவார், இந்தக் கதவை நம்பி வருகிற மற்றவர்களும் வராமல் போவார்கள் என்ற பயம். ஆனால் ஒரு ஈ காக்கா கூடாது என்று என்னிடம்தானே சொன்னார். நான்தானே பிரம்மதேவன் வரைக்கும் போய்ச் சத்தியம் பண்ணினேன். போனை எடுத்து, கொஞ்சம் முன்னாலேயே வாங்க டீச்சர் என்றேன்.

மூன்று மணிக்கு வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். பூட்டு விழவில்லை, தப்பு என்னுடையது, ஒருத்தர் கேட்டுவிட்டார்கள்.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. "யாரு?"

அண்ணி கதவருகில் வந்து நின்றுகொண்டிருந்தார். "நான்தான் டீச்சர். முழுசும் கேட்டேன். தப்புதான்."

டீச்சர் அவரையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"திங்கக்கிழமை நான் ஸ்கூல் ஃபாரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தேனே" என்றார் டீச்சர். "அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாம் தெரிஞ்சுதான் என்கிட்ட பேசினீங்களா?"

"என்னத்தப் பேசினேன்? ஒரு பக்கம் கோணலா விழுந்துச்சுன்னு நீங்கதான் என்னைத் திட்டினீங்க. வேற எடுத்துக் குடுத்தேன். அதையும் ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் எடுத்துக்கிட்டுப் போனீங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நானும் என்னென்னமோ நெனச்சேன். யாருக்காவது தெரிஞ்சா அன்னியோட செத்தேன்னு. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. திட்டு வாங்கிக்கிட்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருக்கீங்க."

அப்புறம் லேப்டாப்பைக் காட்டி, "அதை அழிச்சிடுங்க" என்றார்.

"டீச்சர், அவர் நாலு மணிக்கு…"

"வரட்டும். நானே சொல்றேன்."

நான் எழுந்து நாற்காலியை அண்ணிக்கு விட்டேன். ஃபைல் அவர் பெயரில் இருந்தது. டீச்சர் பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்க அண்ணி அதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திருவிடைமருதூர்க்காரர் நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். ஹெட்போனில் எதையோ கேட்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால், எங்கே என்பதுபோல என்னைப் பார்த்தார். உள்ளே போங்க என்றேன். கதவு சாத்திக்கொண்டது. அண்ணி உடனே ஜெராக்ஸ் மெஷினை ஓட விட்டார். சாவகாசமாக எடுத்தால் போதும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்த நூற்றைம்பது காப்பியை அப்போதுதான் எடுத்தாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அந்தச் சத்தத்தில் உள்ளிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லதுதான்.

நாலரை ஆயிற்று. ஐந்தாயிற்று. நூற்றைம்பது காப்பியும் முடிந்து அண்ணி அடுக்கித் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. கதவு திறந்து அந்த மனிதர் மட்டும் வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. போகிறேன் என்று சொல்லத்தான் வருகிறார் என்றே நினைத்தேன்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றார்.

மொண்டு நீட்டினேன். வாங்கிக் குடிப்பார் என்று பார்த்தால் குடிக்கவில்லை.

"அவங்களுக்கு. இன்னும் சொல்லி முடிக்கல" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.